அருப்புக்கோட்டையில் நான், தாண்டிக்குடியில் என் ஆன்டெனா

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து பவித்ரா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற நாளில் எனக்கு மாலை போட்ட பெண்களில் ஒருத்தி, இப்போது அங்கே அதிகாரி. எங்கள் ரேடியோ அறையில் இருந்த ஆறு மேசைகளில் நான்கை எடுத்துவிட்டார்களாம். விமானிகள் கடலுக்கு மேல் பறக்கும்போது இப்போதெல்லாம் பெரும்பாலும் தட்டச்சு செய்தே அனுப்பிவிடுகிறார்கள், செயற்கைக்கோள் வழியாக எழுத்து வந்து திரையில் விழுந்துவிடுகிறது, குரலுக்கு வேலை குறைந்துவிட்டது என்றாள். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"மேடம், நீங்க இன்னும் ரேடியோ பேசறீங்களாமே. அதுவும் வீட்ல ஆன்டெனாவே இல்லாம. புதுசா வந்த பசங்க எப்படின்னு கேக்குறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல. எழுதி அனுப்புங்க."

எழுதுகிறேன். கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

எனக்குப் பரளச்சி. அப்பாவுக்கு மானாவாரிக் காடு, பருத்தியும் மிளகாயும். பஸ்ஸில் போய் வந்து அருப்புக்கோட்டையில் இயற்பியல் படித்தேன். பேப்பரில் விளம்பரம் பார்த்துப் பரீட்சை எழுதினேன். வடக்கே ஓராண்டு பயிற்சி. மோர்ஸ் படித்ததும், மூன்று வேளையும் ரொட்டி தின்றதும், குளிரில் விரல் விறைத்ததும்தான் அதில் நினைவிருக்கிறது. வேலை என்றால் என்னவென்று தெரிந்தது சென்னை விமான நிலையத்தின் அந்த ரேடியோ அறையில்தான்.

வங்கக் கடலின் நடுவே ரேடார் எட்டாது. அங்கே பறக்கும் விமானம் எங்கே இருக்கிறது என்பது அந்த விமானி சொன்னால்தான் தரைக்குத் தெரியும். குறிப்பிட்ட இடங்களைக் கடக்கும்போது அவர் சிற்றலையில் எங்களைக் கூப்பிடுவார். நான் யார், எந்த இடம், என்ன நேரம், எவ்வளவு உயரம், அடுத்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போவேன். இவ்வளவுதான் செய்தி. அதை நாங்கள் ஒரு தாளில் கட்டம் கட்டமாக எழுதுவோம். எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டுவோம். அவர் சரி என்றதும் தாள் கட்டுப்பாட்டு அதிகாரிக்குப் போகும். ஒரே பாதையில் வரும் இரண்டு விமானங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் வைப்பது என்பதை அவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. மழைக்கால இடியில், நாலு விமானங்கள் ஒரே நேரத்தில் கூப்பிட, ஒவ்வொருவர் ஆங்கிலமும் ஒவ்வொரு நாட்டு ஆங்கிலமாக இருக்க, காதில் விழுவது பாதிதான்.

எங்கள் மேற்பார்வையாளர் இஸ்மாயில் சார். கீழக்கரைக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மேசைக்குப் பின்னால் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றிருப்பார். நாம் தப்பு செய்தால் கையில் இருக்கும் பென்சிலை நம் தாளின் மேல் குறுக்கே வைப்பார், அவ்வளவுதான். அந்தப் பென்சில் இருக்கும் வரை தாள் அங்கிருந்து நகராது.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். ஒரு சரக்கு விமானம் கூப்பிட்டது. உயரத்தை நூறடிக் கணக்கில் மூன்று எண்ணாகச் சொல்வார்கள். அந்த இடத்தில் ஒரு இடிச் சத்தம். "மூன்று" என்றது கேட்டது, கடைசியில் "பூஜ்யம்" கேட்டது, நடு எண் கேட்கவில்லை. அந்த விமானம் முந்தைய இடத்தில் முப்பத்து மூவாயிரம் அடியில் இருந்தது, ஆகவே இப்போதும் அதுதான் என்று நடுவில் ஒரு மூன்றைப் போட்டுவிட்டேன். திரும்பப் படித்தேன். பதிலாக ஏதோ கரகரத்தது, சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தாளை நீட்டப் போனபோது பென்சில் வந்து விழுந்தது.

இஸ்மாயில் சார் குனிந்து பொத்தானை அமுக்கி, உயரத்தை மட்டும் மறுபடி கேட்டார். இரண்டாம் முறைதான் தெளிவாக வந்தது. முப்பத்தைந்தாயிரம். அதே உயரத்தில் எதிரே இன்னொன்று வருவதாக அப்போது இல்லை, அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. நடு மூன்றை அடித்து ஐந்து என்று எழுதித் தாளை நீட்டினேன். ஷிப்ட் முடிந்து டீ குடிக்கும்போதுதான் அவர் பேசினார்.

"கேக்காத இடத்துல கட்டத்தைக் காலியா விடுங்கம்மா. காலிக் கட்டத்தைப் பாத்தா அடுத்தவர் கேப்பார். நிரப்பின கட்டத்தைப் பாத்தா நம்பிடுவார்."

முப்பத்து நாலு வருஷம் அந்த அறையில் இருந்தேன். எத்தனையோ சுற்றறிக்கை வந்தது, எத்தனையோ பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு அந்த ஒரு டீக்குள் அடங்கிவிடும்.

வேலையில் இருக்கும்போதே பொழுதுபோக்கு வானொலி உரிமமும் வாங்கினேன். வேலை நேரத்தில் விமானம், வீட்டுக்கு வந்தால் யாரென்றே தெரியாத மனிதர்கள். என் கணவர் ராமசாமி பாலவனத்தத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "நாள் முழுக்க அதத்தான் பேசிட்டு வார, வீட்டுக்கு வந்தும் அதே பேச்சா" என்பார். இரண்டும் ஒன்றல்ல. வேலையில் எனக்குத் தேவையானது ஐந்து விவரம், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. இதில் சிலி நாட்டு ஆள் ஒருவர் தன் வீட்டுக் கோழிக்குக் கால் ஒடிந்ததைச் சொல்வார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஓய்வு பெற்றதும் அருப்புக்கோட்டையில் வீடு கட்டினோம். மொட்டை மாடியில் பெரிய கம்பி கட்டி உலகம் முழுக்கப் பேசலாம் என்று கனவு. வீட்டுக்கு வலப்பக்கம் முருகேசன் அண்ணனின் தறி ஷெட். பன்னிரண்டு விசைத்தறி. அந்தச் சத்தம் காதுக்குக் கேட்பதைவிட ரேடியோவுக்கு அதிகம் கேட்கும் என்று எனக்கு மனை வாங்கும்போது தோன்றவில்லை. மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் என் ரேடியோவில் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்டது போல ஒரே பொரிச்சல். கரண்டு போனால்தான் உலகம் கேட்கும். கரண்டு போனால் அண்ணன் நஷ்டத்தில் வாசலில் உட்கார்ந்திருப்பார், நான் பேட்டரியைப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக ஜப்பான்காரரோடு பேசுவேன். ஒருநாள் அதைக் கண்டுபிடித்து, "அக்கா, ஒங்களுக்குச் சிரிப்பு வந்தா எனக்கு வயிறு எரியுது" என்றார். கோபமில்லை, உண்மையைச் சொன்னார்.

கம்பியை இன்னும் உயரத்தில் கட்டினால் கொஞ்சம் தப்பிக்கலாம் என்று ஒரு காலையில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினேன். அறுபத்திரண்டு வயதில் ஏறியிருக்க வேண்டாம். இறங்கும்போது கால் வழுக்கி மாடியில் விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்தது. மதுரையில் ஆப்பரேஷன், எட்டு மாதம் படுக்கையும் நடைவண்டியுமாக. என் கணவர் கம்பியைக் கழற்றிச் சுருட்டி, பரளச்சிக்குத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தம்பி அதை வெள்ளாட்டுக் கிடைக்கு வேலி கட்டிவிட்டான்.  ரேடியோப் பெட்டியின் மேல் துணியைப் போட்டு மூடினேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் பெனடிக்ட் சார் போன் செய்தார். தாண்டிக்குடியில் ஐந்து ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர். இருபது வருஷமாக ரேடியோவில் பேசிப் பழக்கம், நேரில் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறோம். மலை மேல் கோபுரம் நிறுத்தி, திருப்பக்கூடிய ஆன்டெனா ஏற்றி, அந்த நிலையம் முழுவதையும் இணையத்தோடு இணைத்திருந்தார். உரிமமுள்ள நாலைந்து நண்பர்களுக்கு மட்டும் கடவுச்சொல் கொடுத்து, வீட்டிலிருந்தே அதை இயக்க வைப்பது அவர் திட்டம். என்னையும் சேரச் சொன்னார்.

எனக்குப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரில் பேசுவதற்குப் பெயர் ரேடியோவா, அதற்கு வாட்ஸ்அப்பில் பேசிவிட்டுப் போகலாமே என்றேன். அவர் திருப்பிக் கேட்டார்.

"சென்னையில முப்பது வருஷம் விமானத்தோட பேசினீங்களே. டிரான்ஸ்மிட்டர் உங்க மேசைக்கு அடியிலயா இருந்துச்சு?"

இல்லை. அது பல கிலோமீட்டர் தள்ளி, வேறோர் இடத்தில், வேலி போட்ட மைதானத்தில் இருந்தது. என் குரல் கம்பி வழியாக அங்கே போய், அங்கிருந்துதான் வானத்துக்கு ஏறியது. அந்த மைதானத்தை நான் என் சர்வீஸில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன்.  மறுநாள் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

முதலில் கேட்டது என்ன தெரியுமா? ஒன்றுமே இல்லை. ஹெட்போனை மாட்டி ஒலியைக் கூட்டினேன், பட்டு உரசுவது போல மெல்லிய ஓசை, அவ்வளவுதான். இணைப்பு வரவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அது மலையின் அமைதி. சுற்றிலும் தறி இல்லை, மோட்டார் இல்லை. அந்த அமைதிக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது, கென்யாவிலிருந்து. மவுஸை நகர்த்தினேன், திரையில் முள் திரும்பியது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் காப்பித் தோட்டத்தின் மேல் ஒரு கோபுரம் என் விரலுக்குக் கட்டுப்பட்டு மேற்கே திரும்பிக்கொண்டிருந்தது. குரல் வலுத்தது. கூப்பிட்டேன். உரிமத்தோடு எனக்குத் தந்த அழைப்புக்குறியை அவர் திருப்பிச் சொன்னபோது ஊன்றுகோல் இல்லாமல் எழுந்து நின்றுவிட்டேன். என் கணவர் அடுப்படியிலிருந்து ஓடி வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

அன்றிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. யாரோடு பேசினாலும் உண்மையைச் சொல்லிவிடுவேன், ஆன்டெனா மலையில், நான் சமவெளியில் என்று. அங்கே வானிலை எப்படி என்று கேட்பார்கள். எந்த வானிலை வேண்டும் என்று கேட்பேன். மலையில் மூட்டம், இங்கே நாற்பது டிகிரி. முருகேசன் அண்ணன் தறி ஓடும், நான் பேசுவேன். ஒருவரை ஒருவர் குறை சொல்ல இப்போது எங்களிடம் ஒன்றும் இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. தென்மாவட்டத்து நண்பர்கள் தினமும் காலை ஏழரைக்கு ஒரு ரிப்பீட்டரில் கூடுவார்கள். ரிப்பீட்டர் என்பது மலை உச்சியில் இருக்கும் ஒரு பெட்டி. கீழே யாராவது கையடக்கக் கருவியில் பேசினால் அதை வாங்கி, பலமாக்கி, எல்லோருக்கும் திருப்பி அனுப்பும். அதையும் இணையத்தோடு இணைத்திருந்தார்கள். அதனால் எட்டாத தூரத்தில் இருக்கும் நானும் லேப்டாப்பில் அந்தக் கூட்டத்துக்குப் போகலாம். பேச்செல்லாம் பேட்டரி, ஆன்டெனா, யார் வீட்டில் கல்யாணம் என்ற அளவில் இருக்கும்.

ஒரு மார்கழியில் தெற்கே இரண்டு நாள் விடாமல் மழை. எங்கள் பக்கம் தூறல்தான், கரிசல் அதை அப்படியே குடித்துவிட்டது. தெற்கே ஆறு கரை உடைத்து, போன் கோபுரங்கள் சாய்ந்து, கரண்டு இல்லாமல் போயிருந்தது. மறுநாள் காலை ஏழரைக்குக் கூட்டத்தில் வழக்கமான பன்னிரண்டு பேரில் மூன்றே பேர். வழக்கமாக நடத்துபவரின் ஊரே தண்ணீருக்குள். மலையில் ரிப்பீட்டர் மட்டும் சூரிய மின்சாரத்தில் உயிரோடு இருந்தது. இன்று நான் நடத்துகிறேன், அவசரச் செய்தி உள்ளவர்கள் மட்டும் பேசுங்கள் என்று அறிவித்தேன். நோட்டில் கோடு போட்டுக் கட்டங்கள் வரைந்தேன். யார், எங்கே, என்ன நேரம், எத்தனை பேர், என்ன தேவை.

எட்டு மணி சுமாருக்கு ஒரு குரல் வந்தது. ஜெபராஜ் என்று ஒருவர், வீடுகளுக்கு ஒயரிங் செய்பவர். உரிமம் வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை, கூட்டத்துக்கு இரண்டு தடவைதான் வந்திருந்தார்.

"சுத்தித் தண்ணிம்மா. நாப்பத்திமூணு பேரு ஸ்கூல்ல ஏறி நிக்கோம். மாசமா இருக்க ஒரு பிள்ளைக்கு வலி கண்டுட்டு. படகு வேணும். எனக்குப் பேட்டரி ஒரு கோடுதான் நிக்கி."

ஊர்ப் பெயரையும் சொன்னார். ஒவ்வொன்றையும் எழுதித் திரும்பப் படித்தேன். சரி என்றார். கருவியை அணைத்து வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் திறந்து கேளுங்கள் என்றேன்.

என் கணவர் அந்த மாவட்டத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். பத்துப் பன்னிரண்டு முயற்சிக்குப் பிறகு ஒரு அலுவலர் எடுத்தார். கண் அசந்து இரண்டு நாள் ஆன குரல், ஆனால் பொறுமையானவர். விவரத்தைக் கேட்டுவிட்டு, அந்த ஊரில் பள்ளிக்கூடம் இரண்டு, எதில் இருக்கிறார்கள் என்று கேட்டார். நடுநிலைப்பள்ளி ஆற்றுக்கு வடகரை, மேல்நிலைப்பள்ளி தென்கரை. பாலம் மூழ்கிவிட்டது. அந்தப் பக்கம் போவதற்குக் கைவசம் இருப்பது மீனவர் படகு ஒன்றே ஒன்று. தப்பான கரைக்குப் போய்விட்டால் அந்த வெள்ளத்தில் குறுக்கே கடக்க முடியாது, சுற்றி வர அரை நாள் ஆகும்.

பத்து நிமிடம் கழித்து ஜெபராஜ் கருவியைத் திறந்தார். எந்தப் பள்ளி என்று கேட்டேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். எனக்குக் கேட்டது "நிலைப்பள்ளி".

மறுபடி கேட்டேன். மறுபடியும் "நிலைப்பள்ளி".

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இணைய இணைப்பு விழித்துக்கொள்ள ஒரு நொடி எடுக்கும். பொத்தானை அமுக்கியதும் பேசினால் முதல் அசையை அது விழுங்கிவிடும். பழகியவர்கள் அமுக்கி, இரண்டு எண்ணி, பிறகு பேசுவார்கள். ஜெபராஜ் புதியவர், அவருக்கு அது தெரியாது. அமுக்கி இரண்டு எண்ணிவிட்டுப் பேசுங்கள் என்று சொன்னேன். அதற்குள் பேட்டரி நன்றாக இறங்கிவிட்டது. இரைச்சலுக்குள் குரல் துண்டு துண்டாக வந்தது, ஒரு எழுத்துகூடத் தேறவில்லை.

போனில் அலுவலர் காத்திருந்தார். மேல்நிலைப்பள்ளியாகத்தான் இருக்கும், அதில்தான் மாடி இருக்கிறது, படகுக்காரர்கள் இன்ஜினைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் கணவர் போனை நெஞ்சில் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மேல்நிலைன்னே சொல்லிருவமா? நேரம் போகுது முத்து."

"கேக்கலைங்க. கேக்காதத நான் சொல்ல மாட்டேன். ரெண்டு நிமிசம் இருக்கச் சொல்லுங்க."

தைரியத்தில் சொல்லவில்லை.  நான் தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் அங்கே ஒரு பெண் துடித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் நோட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது, அதில் எழுத என் கை வரவில்லை.

பேச்சு புரியாவிட்டாலும் அவர் பொத்தானை அமுக்குவது மட்டும் எனக்குத் தெரிந்தது. அமுக்கினால் திரையில் விளக்கு எரியும், காதில் இரைச்சல் வரும். விட்டால் நின்றுவிடும். அது போதும்.

"ஜெபராஜ், பேச வேண்டாம். நடுநிலைப்பள்ளின்னா பத்து எண்ணுற வரைக்கும் ஒரு தடவை அமுக்கிப் பிடிங்க. மேல்நிலைப்பள்ளின்னா அதே மாதிரி ரெண்டு தடவை."

விளக்கு எரிந்தது. இரைச்சல். நின்றது. காத்திருந்தேன். இன்னொரு முறை எரியவில்லை.

ஒன்று என்றால் நடுநிலை. என் கணவர் போனை வாயருகே கொண்டுபோனார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இரண்டு தடவை அமுக்கி, பேட்டரி செத்ததால் ஒன்று வராமல் போயிருந்தால்? எனவே மாற்றிக் கேட்டேன்.

"இப்பத் திருப்பிப் போடுறேன். மேல்நிலைன்னா ஒரு தடவை, நடுநிலைன்னா ரெண்டு தடவை."

விளக்கு எரிந்தது. அணைந்தது.  மறுபடி எரிந்தது. இரைச்சல் பாதியிலேயே மெலிந்து, பத்து எண்ணுவதற்குள் அறுந்துபோனது. ஆனால் எரிந்ததை நான் பார்த்தேன்.

"நடுநிலைப்பள்ளி. வடகரை. ரெண்டு தடவை சரிபாத்தாச்சுன்னு சொல்லுங்க."

பிறகு ஜெபராஜிடமிருந்து எதுவும் வரவில்லை. நான் எழுந்திருக்கவும் இல்லை. இன்னும் எட்டுச் செய்திகள் வந்தன, மருந்து, பால்பவுடர், மாடியில் ஒரு முதியவர் என்று. எல்லாவற்றையும் எழுதி, படித்துக் காட்டி, அனுப்பினோம். பிற்பகல் ஒன்றரை மணிக்கு அந்த அலுவலரே போன் செய்தார். படகு வடகரைக்குப் போய், முதல் நடையில் அந்தப் பெண்ணை ஏற்றி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய அரை மணியில் பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். மற்றவர்களைப் பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்துவிடுவார்கள். தென்கரைப் பள்ளியில் யாருமே இல்லையாம். கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எங்களுக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உப்புமா கிண்டினார். இரண்டு பேருக்கு ஆறு பேருக்கான ரவையைப் போட்டுவிட்டார்.

பங்குனியில் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஜெபராஜ், அந்தப் பெண் மாரிக்கனி, அவள் கணவன், மூன்று மாதக் குழந்தை. பந்தல்குடியில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் மாட்டிக்கொண்டதால் வெயிலேறித்தான் வந்து சேர்ந்தார்கள். ஜெபராஜ் வாசலில் நின்று மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். உள்ளே வரச் சொன்னேன்.

"ஆன்டெனா எங்கம்மா? ஒங்க குரலு அம்புட்டுப் பக்கத்துல கேட்டுச்சு. மலை மேல ஒக்காந்து பேசுதியன்னுல்லா நெனச்சேன்."

என் கணவர் அவரைக் கூட்டிப் போய், சுவரில் மாட்டியிருந்த இணையப் பெட்டியைக் காட்டினார். இது ஒன்றுதான் என்றார். ஜெபராஜ் அதை நம்பாமல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

சாப்பிடும்போது அன்றைய நாளைப் பற்றிப் பேச்சு வந்தது. பொத்தானை அமுக்கும்போது பயமாக இருந்ததா என்று ஜெபராஜிடம் கேட்டேன். அவருக்கு முன்னால் மாரிக்கனி பதில் சொன்னாள். அதிகம் பேசாத பெண், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அண்ணன் அமுக்குனதும் நாங்க எல்லாருந்தான் எண்ணுனோம் அத்தை. பத்து எண்ணணும்னு நீங்க சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு. சின்னப் பிள்ளையில இருந்து கெழவி வரைக்கும் சத்தமா எண்ணுனாவ. நானும் எண்ணுனேன். ஏழு வரும்போது வலி வந்துட்டு, என்னால முடியல. அவிய எண்ணி முடிச்சாவ."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அன்று என் காதில் விழுந்த அந்த இரைச்சலை நினைத்துப் பார்த்தேன். 'பேச்சு இல்லை, இரைச்சல் மட்டும்' என்றுதான் நோட்டில் எழுதியிருந்தேன். நாற்பத்து மூன்று பேர் ஒரே குரலில் என் காதுக்குள் எண்ணியிருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய்க் கை கழுவினேன். திரும்பி வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தபோது குழந்தை என் கணவரின் மடியில் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று மாரிக்கனி ஆசைப்பட்டாள். லேப்டாப்பைத் திறந்து தாண்டிக்குடி நிலையத்துக்குள் போனேன். ஹெட்போனைக் கழற்றி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். மாலை நேரம், ஐரோப்பாக் குரல்கள் நன்றாக வரும் வேளை. ஸ்லோவேனியாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பதில் கொடுத்தேன். ஓய்வு பெற்ற பஸ் டிரைவராம், மலைச்சாலையில் இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை என் பின்னாலிருந்து ஒரு அலறல் அலறியது. மாரிக்கனி பதறி வாயைப் பொத்தப் போனாள், நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

பின்னால் பேசியது யார் என்று அவர் கேட்டார். விருந்தாளி, வயது மூன்று மாதம், உரிமம் இல்லாமல் பேசிவிட்டாள், மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமானது. எங்கள் வழக்கப்படி, எதிராளி குரல் எப்படி வந்தது என்று எண்ணில் சொல்ல வேண்டும். தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை. அதைக் கேட்டேன்.

எனக்கு ஐந்து, ஏழு கொடுத்தார். குழந்தைக்கு ஐந்து, ஒன்பது.